அக்காவை அழவைக்க நான் செத்த நாள்

அரைகுறையாகப் படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டு நோயாளிக்கு ஒன்றுக்கு இரண்டாக நோய் சேரும். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் மனித மனத்தைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். அதிலும் நடுவில் எட்டுப் பக்கத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார்கள். (விடுவேனா? புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து அதையும் படித்துத் தொலைத்தேன்.)

தபாலில் வரவழைத்த புத்தகம் அது. மூச்சு, மண், நீர், பார்வை இந்த நான்கையும் வைத்து மனத்தில் பட்ட காயத்தை ஆற்றுவது எப்படி என்று சொல்லித் தருவது. அட்டையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நம்மை முறைத்துப் பார்ப்பார். அவர் கண்ணிலிருந்து கோடு கோடாக ஏதோ புறப்பட்டு வரும். நான் அப்போது காவேரிப்பட்டினத்துப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். வயிற்றுவலி என்று சொன்ன மூன்றாம் வகுப்புப் பையன்களை அட்டைப்படத்துக்காரர் போல முறைத்துப் பார்த்தேன். வலி உடனே நின்றது. (இப்போது யோசித்தால், அது கணக்குப் பாடத்துக்காக வந்த வலி.) அன்று முதல் என்னை நானே வைத்தியன் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பெயர் தெய்வானை. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டது, பேன் பார்த்தது, முதுகில் நாலு வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது எல்லாம் அவள்தான். அவளை மாதையன் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். எங்கள் ஊர் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. மழை இரண்டு வருஷம் ஏமாற்றினால் எங்கள் பக்கத்து ஆண்கள் மைசூர் எல்லையைத் தாண்டித் தங்கச் சுரங்கத்து வேலைக்குப் போய்விடுவார்கள். மாமாவும் போனார். அக்காவும் கூடவே போய், சுரங்கத்து லைன் வீட்டில் எட்டு வருஷம் குடித்தனம் செய்தாள்.

அங்கே பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்தால், மேலே தரை ஒரு தடவை அதிரும். அடுக்கி வைத்த பாத்திரம் உருளும். அந்தச் சத்தம் கேட்டதும் லைன் வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடி நிற்பார்களாம். ஒரு நாள் அக்காவும் அப்படி ஓடினாள். மறுநாள் சாயங்காலம் வரை நின்றாள். நான்கு பேரை மேலே கொண்டுவந்தார்கள். நான்கு பேரும் சாக்குத் துணியில் வைத்துத் தைத்த மூட்டைகளாக இருந்தார்கள். ஒன்றைக் காட்டி, இதுதான் உன் புருஷன், பிரித்துப் பார்க்க வேண்டாம் தாயே என்றார்கள். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பில் காந்திப்போயிருந்த பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அன்றே அங்கேயே அடக்கம் நடந்துவிட்டது. கடிதம் எங்களுக்குக் கிடைத்து, அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள். அக்கா வெள்ளைப் புடவையில், ஒரு தகரப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மாதமாக அவள் அழவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் எங்காவது ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் போதும். கேழ்வரகு மூட்டையை யாராவது இறக்கினாலும், பக்கத்து வீட்டில் உலக்கை விழுந்தாலும், எழுந்து ஓடுவாள். ஊர் எல்லையில் இருக்கிற புளியமரத்தடியில் போய் நிற்பாள். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவரும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள். சாப்பாடு குறைந்தது, பிறகு நின்றது. தூக்கம் சுத்தமாக இல்லை. வளையல் போட்ட கை என்று நம்ப முடியாத அளவுக்கு மணிக்கட்டு இளைத்துவிட்டது. கிருஷ்ணகிரி டாக்டர் இரண்டு புட்டி டானிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெங்களூருக்குக் கொண்டுபோய் மனநோய்க்கென்று இருக்கிற ஆஸ்பத்திரியில் விட்டுவிடச் சொன்னார். இப்படியே போனால் இரண்டு மாதம் தாங்க மாட்டாள் என்றும் சொன்னார்.

அந்தக் காலத்தில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களின் பெயரை வீட்டில் மறுபடி யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா அதிகம் பேசாதவர். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, வருகிற திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கையில் இருந்தது ஒரு வாரம். பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமைக்குள் அக்காவைக் குணப்படுத்திவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (அப்பாவுக்கு இருந்தது. ஆனால் அவர்தான் பேசமாட்டாரே.)

முதலில் மண் சிகிச்சை. ஏரியிலிருந்து நல்ல களிமண்ணாக ஒரு கூடை சுமந்து வந்து, அக்காவைப் படுக்கச் சொல்லி நெற்றியிலும் வயிற்றிலும் அப்பினேன். சொன்ன சொல் தட்டாமல் படுத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து எழுந்து, மிச்சம் இருந்த மண்ணையும் எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருந்த வெடிப்பைப் பூசிவிட்டாள். அந்தச் சுவர் இன்றுவரை கெட்டியாக இருக்கிறது.

அடுத்தது நீர் சிகிச்சை. இடுப்பளவு குளிர்ந்த நீரில் உட்கார வேண்டும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வீட்டில் அதற்கு ஏற்ற பாத்திரம் மாட்டுத் தொட்டி ஒன்றுதான். அக்கா உட்கார்ந்தாள். எங்கள் எருமை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தன் தொட்டியில் நடக்கும் இந்த அநியாயத்தை ஊருக்கே கேட்கும்படி கத்தியது. மூச்சுப் பயிற்சியை அக்கா என்னைவிட நன்றாகச் செய்தாள். மயக்கம் போட்டது நான். கடைசியாகப் பார்வைச் சிகிச்சை. விளக்கை நடுவில் வைத்து, அவள் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே, தூக்கம் வருகிறது, தூக்கம் வருகிறது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. என்மேல் அக்காவின் கம்பளி போர்த்தியிருந்தது. அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடி அழுதார்கள். நடுவில் தலைவிரித்து ஒப்பாரி எடுத்தவள் கெம்பம்மா. அடுத்த ஊர்க்காரி, நாற்பது வயது இருக்கும். கூலிக்குக் களை எடுப்பாள், கேழ்வரகு அறுப்பாள். சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவர் வீட்டில் தமிழ் பேசினால் தமிழில் அழுவாள். கன்னட வீடென்றால் கன்னடம், தெலுங்கு வீடென்றால் தெலுங்கு. அக்கா தெருமுனையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வழக்கம்போல மரத்துத்தான் இருந்தது. ஆனால் அவள் வலது கை மட்டும், கெம்பம்மாவின் பாட்டுக்கு ஏற்ப, மார்பில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மாதையன் மாமாவுக்கு யாரும் அழவே இல்லை. நாங்கள் அக்காவை அழைத்து வந்தபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஊரும் பிறகென்ன என்று விட்டுவிட்டது. இதுவரை நான் நினைத்தது சரி. இதோடு நின்றிருந்தால் இன்று எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்திருக்கும்.

மறுநாள் கெம்பம்மாவைத் தேடிப் போனேன். வெயிலில் நின்று களை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்து அஞ்சு மாசம் ஆச்சுன்னு சொல்றீங்க. பொணமும் இல்ல. வெறும் தரைய சுத்தி உக்காந்து எப்பிடி அழுவறது, வாத்தியாரே?”

எப்படியாவது வரவேண்டும் என்று கெஞ்சினேன். அக்காவை அவள் புளியமரத்தடியில் பல தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவை வீடுவரை கூட்டியும் வந்திருக்கிறாள்.

“அவுரு போட்ட சட்டை ஒண்ணு இருந்தா நடுவுல வையிங்க. அது போதும். ஆனா ஒண்ணு, சனிக்கெழம மட்டும் வேணாம்” என்றாள்.

ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சனிப்பிணம் தனியாகப் போகாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சனிக்கிழமை யாராவது செத்துவிட்டால், வேறு உயிர் போகாமல் இருக்கப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். ஆனால் நான் படித்தவன் ஆயிற்றே. (அறுபத்து நான்கு பக்கம்!) அப்பா புளி விற்கக் கிருஷ்ணகிரிக்குப் போவது சனிக்கிழமைதான். அவர் வீட்டில் இருந்தால் இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டார். மூடநம்பிக்கை கூடாது என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்து, சனிக்கிழமைக்கே ஒப்புக்கொள்ளவைத்தேன். அவள் அரை மனதோடு சரி என்றாள்.

அதோடு விட்டேனா? புத்தகத்தில், தலைகீழாகத் தைத்திருந்த எட்டுப் பக்கத்துக்குள், அதிர்ச்சி உண்டான காட்சியை நோயாளியின் கண்முன் தத்ரூபமாக நடத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தத்ரூபம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வெறும் சட்டையில் என்ன தத்ரூபம் இருக்கிறது? சட்டைக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டாமா?

சனிக்கிழமை விடிகாலையில் அப்பா புளி மூட்டைகளோடு போனதும், அக்காவின் தகரப் பெட்டியிலிருந்து மாமாவின் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசல் பந்தலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டேன். பிணத்துக்குச் செய்வதுபோல ஒரு துணியால் மோவாயையும் தலையையும் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டிக்கொண்டேன். இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினேன். முடிச்சு அவிழ்ந்துவிடக் கூடாதே என்று அழுத்தமாகக் கட்டினேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கையை மார்பில் வைத்துப் படுத்துவிட்டேன். இதில் எதையும் கெம்பம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுகையில் இயல்பு கெட்டுவிடுமாம். இதுவும் என் சொந்தக் கண்டுபிடிப்புதான்.

சொன்ன நேரத்துக்கு நாலு பெண்களோடு கெம்பம்மா வந்தாள். காலடிச் சத்தம் பந்தலுக்கு வெளியே நின்றது. பிறகு மெதுவாகக் கிட்டே வந்தது. துண்டின் நுனி தூக்கப்பட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

துண்டு மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு எழுந்த அலறல், அதுவரை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்காதது. அவள் நடிக்கவில்லை. முந்தாநாள் தன்னிடம் சாவுக்கு அழுகை கேட்டு வந்தவன், சொல்லச் சொல்லக் கேட்காமல் சனிக்கிழமை என்று அடம்பிடித்தவன், அதே சனிக்கிழமையில் செத்துக் கிடக்கிறான். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்:

“மாமனுக்கு அழுவச் சொன்ன மகராசா
மாமனத்தான் தேடிப் போனியா
படிச்ச புள்ள படுத்திருக்க
பலகயெல்லாம் காத்திருக்க
வெயில்ல வந்து நின்ன ராசா
வெறுங்கட்டில் ஏறினியே…”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே என்னை நினைத்து அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்லவனா செத்துப்போனான் என்று தோன்றியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. (பிணத்தின் கண்ணீரைத் துண்டு மறைத்தது.)

அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன் என்று ஒருத்தி சொன்னாள். மூங்கில் வெட்ட ஆள் போகட்டும் என்றார் ஒருவர். சாவுச் சேதி சொல்லுகிற வேலையாட்கள் இரண்டு பேர் எங்கள் ஊரில் உண்டு. அழுகைச் சத்தம் கேட்டால் அடுத்த நிமிஷம் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் தர்மம். ஒருவர் பந்தலுக்குள் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, காவேரிப்பட்டினத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் பள்ளிக்கும் சொல்லப் போனார். இன்னொருவர் ஊர்க்கோடியில் இருந்தே எங்கள் வீட்டு அழுகையைக் கேட்டார். எங்கள் வீட்டில் யார் சாகக் கிடந்தது என்று ஊருக்கே தெரியும். அவர் வந்து பார்க்கவே இல்லை. நேராகக் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார், அப்பாவிடம் சொல்ல.

நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அறுபது வருஷமாகக் கேட்கிறார்கள். எழுந்து என்ன சொல்வது? முதல் நிமிஷத்தில் எழுந்திருந்தால் திட்டு மட்டும் கிடைத்திருக்கும். பத்தாவது நிமிஷத்தில் அடி. ஊரே கூடிய பிறகு எழுந்திருப்பதைவிடச் செத்துப்போவதே மரியாதை என்று தோன்றியது. தவிர, அக்கா இன்னும் வரவில்லை. புழக்கடையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள்.

அப்போது பறை முழங்கியது. முதல் அடி ‘தொம்’ என்று விழுந்ததும், பின்பக்கத்தில் கூடை விழுகிற சத்தம் கேட்டது. அக்கா ஓடி வந்தாள். புளியமரத்துக்குப் போக அவளுக்குப் பந்தல் வழியாகத்தான் வழி. பந்தலில் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்திருக்கிறாள். ஓட்டம் நின்றது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பாதியில் நின்றது.

பறை நின்றது. கெம்பம்மாவும் நிறுத்தினாள். அக்கா துண்டை எடுக்கக் கை நீட்டினாள் போலிருக்கிறது. பார்க்க வேண்டாம் தாயே என்று கெம்பம்மா தடுத்தது கேட்டது.

“கைய உடு. இந்தத் தடவ நான் பாக்கணும்” என்றாள் அக்கா.

ஐந்து மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அது. அவளைத் தடுக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. துண்டு விலகியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். (புத்தகத்தில் உபயோகப்பட்ட ஒரே பாடம்.) அவள் உள்ளங்கை என் கன்னத்தில் வந்து படிந்தது. அதில் சாணி நாற்றம் அடித்தது. “கோயிந்தா” என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சின்ன வயதில், தூங்கிக்கொண்டிருக்கிறவனைச் சாப்பிட எழுப்புகிற அதே குரல். அந்த நிமிஷத்தில்தான் நான் செய்திருக்கும் காரியம் எனக்கு உறைத்தது. ஒரு சாவைக் கண்ணால் பார்க்க முடியாமல் உடைந்துபோனவளுக்கு, இன்னொரு சாவைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன். எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன், உடம்பு அசையவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு கட்டெறும்பு. கட்டிவைத்த கால் கட்டைவிரலில் அது பலமாகக் கடித்தது. விரல்கள் இரண்டும் ஒன்றாகத் துள்ளின.

அக்கா என் காலைப் பார்த்தாளாம், முகத்தைப் பார்த்தாளாம், மறுபடி காலைப் பார்த்தாளாம்.

“செத்தவனுக்கு வெரல் ஆடுமாடா?” என்று நிதானமாகக் கேட்டாள்.

நான் கண்ணைத் திறந்தேன். பாதிக் கூட்டம் பந்தலை விட்டு ஓடியது. பறைக்காரர் ஒருவர் பறையைப் போட்டுவிட்டு ஏரிக்கரை வரை போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா ஓடவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். எழுந்து ஓட முயன்ற நான், கால் கட்டோடு தவளை மாதிரி இரண்டு தத்துத் தத்திக் குப்புற விழுந்தேன். நாடிக்கட்டு இருந்ததால் வாயைத் திறந்து கத்தக்கூட முடியவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. வயிற்றுக்குள்ளிருந்து எதையோ பிய்த்து எடுப்பதுபோல் இருந்தது. அடிக்க அடிக்க அது அழுகையாக மாறியது. என்னைத்தான் அடித்தாளா, சொல்லாமல் போன மாமாவை அடித்தாளா, மூட்டையைப் பிரிக்க விடாதவர்களை அடித்தாளா என்று எனக்குத் தெரியாது. துடைப்பம் பிய்ந்து ஈர்க்கு ஈர்க்காகப் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கெம்பம்மாவுக்கு என்மேல் வந்த கோபம் அடங்கவில்லை. நெசமான அழுகையை உனக்குக் கொட்டிட்டேனே என்று திட்டினாள். பிறகு தெரு ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்: “சனிக்கெழம சாவ கூப்பிட்டாச்சு. கூப்பிட்டது வெறுங்கையோட திரும்பிப் போவாது.”

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அடுத்து யார் என்று அவர்கள் மனதில் ஓடியது எனக்கே தெரிந்தது. என் பகுத்தறிவு அந்த நிமிஷத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள் என்று கெம்பம்மாவைக் கும்பிட்டேன். அவள் மாமாவின் சட்டையை என் உடம்பிலிருந்து உரித்து எடுத்து, கட்டிலில் விரித்து, கைகள் இரண்டையும் மடித்து வைத்தாள். இது மாதையனோட சாவு, இன்னைக்குத்தான் வூட்டுக்கு வந்திருக்குது என்றாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்காவை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவள் தோளைக் கட்டிப்பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டினார்கள். அவள் மூச்சு அவர்கள் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. ஓர் அடி பாட்டு, ஓர் அடி மார்பில். நான் ஒரு வாரம் மண்ணும் தண்ணீருமாகப் போராடிச் செய்ய முடியாததை, ஐந்து பெண்கள் கையாலும் தோளாலும் செய்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை அழுதார்கள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

பிற்பகலில் அப்பா வந்தார். மண்டியில் புளி நிறுத்துக்கொண்டிருந்தவரிடம், உன் மகள் போய்விட்டாள் என்று சேதிக்காரர் சொல்லியிருக்கிறார். பஸ் இறங்கி இரண்டு மைல் நடந்து வந்தவர், கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்திருந்தார். பந்தலுக்குள் பார்த்தார். மகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், கட்டிலில் சட்டை, மூலையில் முதுகெல்லாம் தடிப்போடு நான். தெருப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பொட்டலத்தில் இருந்தது கோடிப் புடவை. பிறந்த வீட்டுக்காரர்கள் பிணத்துக்குப் போர்த்துவது. விதவைக்கு வெள்ளைதான் வாங்க வேண்டும். அப்பா வாங்கி வந்தது பச்சைப் புடவை, அரக்குக் கரை போட்டது. கோடித் துணியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது, வீட்டிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டையோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்று கெம்பம்மா சொன்னாள். அக்கா அந்தப் புடவையை வாங்கி, மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் கரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தானே எடுத்துச் சட்டையின்மேல் போர்த்திவிட்டாள்.

சட்டையையும் புடவையையும் பாடையில் வைத்து, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்தோம். துணைக்கு ஒரு சேவல் போனது. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஊரில் எனக்கு இருந்த அந்தஸ்து அவ்வளவுதான். அக்கா தெருமுனை வரை வந்து நின்று, நாங்கள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி நடந்தாளாம்.

அன்று வெறும் தரையில் படுத்தவள் மறுநாள் உச்சிப்பொழுது வரை தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். களி கிண்டிப் போட்டேன். கட்டி கட்டியாக இருக்கிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு உருண்டை சாப்பிட்டாள். திங்கட்கிழமை பஸ் வந்தது, போனது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா முழுசாகக் குணமாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். அதற்குப் பிறகும் பெரிய சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாள். ஆனால் பாதி வழியில் நின்று, சத்தம் போட்டவனைப் பச்சையாகத் திட்டிவிட்டுத் திரும்பி வருவாள். சில மாதத்தில் தேறி, நாலு எருமையை முப்பது வருஷம் கட்டி மேய்த்தாள். கெம்பம்மா சாகும்வரை அவளுக்கு மோர் இங்கிருந்துதான் போனது.

என் கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனால், பையன்கள் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்கள். எனக்காக முந்தின நாள் அஞ்சலிக் கூட்டம் நடத்தி, அரை நாள் விடுமுறையும் விட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் என் நேரந் தவறாமையைப் புகழ்ந்து பேசியிருந்தார். (உயிரோடு இருந்தபோது தினமும் தாமதமாக வருகிறேன் என்றுதான் என்னைத் திட்டினார்.) வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘காலமானார்’ என்று எழுதியாகிவிட்டது, இனிமேல் அதற்குப் பக்கத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று மிகவும் கவலைப்பட்டார். விட்ட அரை நாளைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பையன்கள் கவலைப்பட்டார்கள். ஓய்வுபெறும் வரை அந்தப் பக்கத்தில் எனக்குச் ‘செத்த வாத்தியார்’ என்றே பெயர்.

வீட்டில் அக்காதான் இந்தக் கதையைச் சொல்லுவாள். எந்தக் கல்யாணத்திலும், எந்தக் காதுகுத்திலும், சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தால் போதும்; நாடிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, கட்டைவிரல் துள்ளிய விதத்தைத் தன் இரண்டு விரலால் செய்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வரும். ஆனால் அவள் ஆரம்பித்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் எழுந்து போய்விடுவார்.

அவர் ஏன் எழுந்து போகிறார் என்று பல வருஷம் கழித்து என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். கிணற்றுமேட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

“கடைக்காரன் பொடவ யாருக்குன்னு கேட்டான். எம் மவளுக்குன்னேன். அப்ப எனக்கு அழுகை வரலடா. அப்பாடான்னு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததா என்பதும் சந்தேகம்தான். ஏனென்றால் ஆயிரம் தடவை சொன்ன கதையை அவள் ஒவ்வொரு தடவையும் துடைப்பம் பிய்ந்த இடத்திலேயே முடித்துவிடுவாள். அப்புறம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், அப்புறம் என்ன, எல்லாரும் சோறு தின்னோம் என்பாள். பச்சைப் புடவையை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பா காலமாகிவிட்டார், அக்காவும் போய்விட்டாள். இப்போது என் பேத்திகள் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், அக்கா சொன்னபடியே. காலையில் புளி மூட்டையோடு கிருஷ்ணகிரிக்குப் போன அப்பா, அந்தக் கதையில் இன்னும் வீடு திரும்பவில்லை.